தியாக அன்புக்கு எல்லை உண்டா? நான்கு வார வேதபாடத்துக்கு உதவி வேண்டும்

ஒலிவமரம்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த மாதம் வாலிபர் கூடுகையில் தியாக அன்பைப் பற்றி நான்கு வாரம் வேதபாடம் எடுக்க வேண்டும். வாரம் 45 நிமிடம், பன்னிரண்டு பேர். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் இரண்டு ஜோடி. "இயேசு நமக்காக ஜீவனையே கொடுத்தார், நாமும் கொடுப்போம்" என்று சொல்லி ஜெபித்து அனுப்பிவிட முடியாது. துருவித் துருவிக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

எனக்குத் தெளிவு வேண்டியது மூன்று இடத்தில். கிரேக்கத்தில் அன்புக்கு நாலு வார்த்தை, அதில் அகாபே என்றால் தேவனுடைய தியாக அன்பு என்று பிரசங்கங்களில் சொல்கிறார்களே, அதை அப்படியே எடுத்துச் சொல்லலாமா? அடுத்தது, ஒருவர் "என்னால் முடியாது" என்று சொன்னால் அவர் அன்பில் குறைந்துபோனவரா? கடைசியாக, வீட்டுக்குப் போனதும் கையால் செய்யத்தக்கதாக என்ன சொல்லிக்கொடுப்பது? வசனத்தோடு சொல்லுங்கள். பொத்தாம்பொதுவான பதில் வேண்டாம்.


மூலமொழி வாசகர்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அப்படியே எடுத்துச் சொல்லாதீர்கள் தம்பி. எந்தச் சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கியத்தை வகுப்பில் ஒருவர் புரட்டிப் பார்த்தாலே அது நிற்காது.

நாலு வார்த்தை கிரேக்கத்தில் உண்டு, புதிய ஏற்பாட்டில் இல்லை. ஈரோஸ் (காதல் வேட்கை) என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் வராது. ஸ்டோர்கே (குடும்பப் பாசம்) தனியாக வராது, கூட்டுச்சொல்லாக மட்டுமே வரும்: ரோமர் 1:31இல் "சுபாவ அன்பில்லாதவர்கள்", 12:10இல் "பட்சமாயிருங்கள்". மிஞ்சுவது அகாபே, பிலியோ (நட்பின் அன்பு) இரண்டும்தான். இந்த இரண்டுக்கும் நடுவே பிரசங்கத்தில் போடும் கோடு வேதத்தில் அவ்வளவு நேராக இல்லை. பிதா குமாரனை நேசிக்கிறார் என்று யோவான் 3:35இல் அகாபே வினையாலும் 5:20இல் பிலியோ வினையாலும் எழுதியிருக்கிறது. பிதாவின் அன்பு அதற்குள் ஒரு படி இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டோம்.

அகாபே கெட்ட அன்புக்கும் வரும். மனுஷர் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்ற யோவான் 3:19இல் அதே வினைதான். தேமா பவுலை விட்டுப்போன 2 தீமோத்தேயு 4:10இலும் அதேதான். தமிழில் "ஆசைவைத்து" என்று பெயர்த்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. எல்லாவற்றையும்விடக் கொடியது 2 சாமுவேல் 13:15. அம்னோன் தாமாரைக் கெடுத்த பிறகு, அவளை அதற்கு முன் விரும்பிய விருப்பத்தைச் சொல்ல, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்த் அகாபே என்ற சொல்லையே போடுகிறது. ஆகவே சொல்லுக்குள் பரிசுத்தம் ஒளிந்திருக்கவில்லை.

யோவான் 21ஐக் கட்டாயம் கேட்பார்கள். இயேசு இரண்டு தரம் அகாபே வினையில் கேட்கிறார், பேதுரு பிலியோவில் பதில் சொல்கிறான், மூன்றாம் தரம் இயேசுவும் பிலியோவுக்கு வருகிறார். "அவர் பேதுருவின் நிலைக்கு இறங்கினார்" என்று விளக்குவார்கள். ஆனால் அந்த மூன்று வசனத்துக்குள்ளேயே ஆட்டுக்குட்டிக்கும் ஆட்டுக்கும் வேறு வேறு சொல், மேய்ப்பதற்கு இரண்டு சொல், அறிவதற்கு இரண்டு சொல். சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது யோவானின் பழக்கம். பேதுரு துக்கப்பட்டதற்குக் காரணம் வசனத்திலேயே இருக்கிறது: மூன்றாந்தரம் கேட்டதினால். மூன்று தரம் மறுதலித்தவன் அவன். மறுதலித்த இரவில் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பு, 18:18. இங்கே கரையிலும் கரிநெருப்பு, 21:9. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் வருவது இந்த இரண்டே இடத்தில். அகராதியைவிட இந்த நெருப்பைக் காட்டிப் பேசினால் வகுப்பு கவனிக்கும்.

அப்படியானால் தியாக அன்பு என்ற பொருள் எங்கிருந்து வந்தது? 1 யோவான் 3:16: "அவர் தம்முடைய ஜீவனை நமக்காகக் கொடுத்ததினாலே அன்பு இன்னதென்று அறிந்திருக்கிறோம்." செயல் முதலில் நடந்தது, சொல் அதிலிருந்து பொருளை வாங்கிக்கொண்டது. ரோமர் 5:8இலும் அதே வரிசைதான். வகுப்பில் சொல்லிலிருந்து தொடங்காமல் சிலுவையிலிருந்து தொடங்குங்கள்.

பக்கத்தில் இன்னொன்று. 1 கொரிந்தியர் 13:3இல் "என் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படுவதற்குக் கொடுத்தாலும்" என்று படிக்கிறோம். பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் "மேன்மைபாராட்டும்படி கொடுத்தாலும்" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் ஒரே எழுத்து வித்தியாசம். எந்தப் பாடத்தை எடுத்தாலும் பவுல் சொல்வது மாறவில்லை: உச்சபட்சத் தியாகத்தையும் அன்பில்லாமல் செய்துவிட முடியும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இது வாசல்.


துண்டும் பாத்திரமும்:

மூலமொழி வாசகர் சொன்னதை ஒட்டியே போகிறேன். தமிழ் வேதாகமத்தில் மறைந்துபோகும் ஓர் இணைப்பை முதல் வாரம் காட்டலாம். யோவான் 10:17, 18இல் ஜீவனைக் "கொடுக்கிறேன்", மறுபடியும் "எடுத்துக்கொள்ள" அதிகாரம் உண்டு என்கிறார் ஆண்டவர். கிரேக்கத்தில் அந்த முதல் வினைக்குக் கீழே வைப்பது என்று பொருள். 13:4இல் வஸ்திரங்களைக் கழற்றி வைக்கும்போதும் அதே வினை. 13:12இல் மறுபடி தரித்துக்கொள்ளும்போது 10ஆம் அதிகாரத்தில் "எடுத்துக்கொள்ள" என்று வந்த அதே வினை. கால் கழுவுகிற காட்சியையே யோவான் சிலுவையின் சின்னப் பிரதியாக எழுதுகிறான். ஜீவனை வைப்பதும் மேலாடையைக் கழற்றி வைப்பதும் அவனுக்கு ஒரே அசைவு.

அதே அதிகாரம் 37ஆம் வசனத்தில் பேதுரு, "உமக்காக என் ஜீவனையும் கொடுப்பேன்" என்கிறான். அதற்கும் அதே வினை. சாகத் தயாராக இருந்தவன் சற்று முன்புதான் காலை நீட்ட மறுத்தான். யூதாஸ் வெளியே போவது 30ஆம் வசனத்தில். ஆக, கழுவின கால்களில் அவன் காலும் இருந்தது. இந்த இரண்டையும் வகுப்பில் அவசரப்படாமல் படியுங்கள்.

செய்முறைக்கு லூக்கா 10ஐ எடுங்கள். "நல்ல சமாரியனைப் போல் இருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் ஒட்டாது. 34, 35ஆம் வசனங்களைக் கணக்குப் புத்தகம்போல் வாசிக்கச் சொல்லுங்கள். அவன் கொடுத்தது என்னென்ன? எண்ணெய், திராட்சரசம், கட்டுத் துணி. தன் "சுயவாகனம்", அதாவது தான் உட்கார்ந்து வந்த இடம். அதன்பின் அவன் நடந்துதான் போயிருக்க வேண்டும். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம், கல்லும் வளைவுமான வழி. அடிபட்டவனை வாகனத்தில் பிடித்துக்கொண்டு நடப்பது என்ன பாடு என்று நினைத்துப் பார்க்கட்டும். பிறகு சத்திரத்தில் ஒரு இரவு. மறுநாள் இரண்டு பணம். மத்தேயு 20:2இல் ஒரு பணம் ஒரு நாள் கூலி, ஆக இரண்டு நாள் சம்பாத்தியம். கடைசியாக ஒரு வாக்கு: அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்.

இப்போது அவன் செய்யாதவற்றையும் கேளுங்கள். பயணத்தைக் கைவிடவில்லை. எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளவும் இல்லை. சத்திரத்தானைச் சேர்த்துக்கொண்டான், அதற்குக் கூலியும் கொடுத்தான். கையிலிருந்த எல்லாவற்றையும் கொட்டவில்லை. அடிபட்டவனிடம் நன்றிகூட எதிர்பார்க்கவில்லை. ஆனால் திரும்பி வந்து கணக்குப் பார்ப்பேன் என்றான், போட்டுவிட்டுப் போகவில்லை.

இதை வைத்து ஒரு தாள் தயார் செய்யலாம். நான்கு கட்டம்: நேரம், சரீரம், பணம், கௌரவம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆளின் பெயரை எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி எழுதட்டும். "அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "வியாழன் நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை அவர் பக்கத்தில் நான் இருப்பேன்" என்பது பதில். கௌரவக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாக வரும். முதலில் மன்னிப்புக் கேட்பது, வேலை தனக்குத் தெரிந்திருந்தும் இன்னொருவர் செய்ய விட்டுப் பெயரை அவருக்கே கொடுப்பது, எல்லாரும் ஒதுக்குகிறவரின் பக்கத்தில் போய் உட்காருவது எல்லாம் அதில் வரும். நேரமும் பணமும் கொடுக்கிறவர்கள்கூட இங்கே தயங்குவார்கள், ஏனென்றால் யோவான் 13இல் ஆண்டவர் கழற்றி வைத்தது அதைத்தான்.


அடைக்கலம்:

ஆலோசனை ஊழியத்தின் கண்ணிலிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு. தியாக அன்பைப் பற்றிய போதனை தவறாகப் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பலமுள்ளவனுக்குச் சொன்ன கட்டளையை எடுத்துப் பலவீனரின் தலையில் வைத்துவிடுகிறோம்.

எபேசியர் 5:25ஐப் பாருங்கள். கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல் என்ற அளவுகோல் யாருக்குச் சொல்லப்பட்டது? புருஷனுக்கு. அந்தக் காலத்து வீட்டில் எல்லா அதிகாரமும் யார் கையில் இருந்ததோ அவனுக்கு. பிலிப்பியர் 2:6உம் அப்படியே: தேவனுடைய ரூபமாயிருந்தவர் இறங்கினார். கீழே கிடக்கிறவரை இன்னும் கீழே இறங்கு என்று சொல்ல அந்த வேதபகுதியில் இடமில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால், அடி வாங்குகிற ஒருத்தி "இதுதான் என் சிலுவை" என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

யோவான் 10:18: "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்." கொடுக்கிற கை தன்னுடையதாக இருந்தால்தான் அது பலி. பயத்தினால் வருவது வேறு. இயேசு எல்லா அடிக்கும் நின்று கொடுக்கவும் இல்லை. நாசரேத்தில் மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தபோது கடந்து போய்விட்டார், லூக்கா 4:30. தேவாலயத்தில் கல்லெடுத்தபோது மறைந்தார், யோவான் 8:59. பிரதான ஆசாரியன் முன்னால் அறைந்தவனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார், 18:23. பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். சவுக்கால் அடிக்க வாரினால் கட்டினபோது, ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தான், அப்போஸ்தலர் 22:25. சட்டம் தந்த பாதுகாப்பைக் கேட்டது அவன் அன்பைக் குறைக்கவில்லை. ஆதிசபையும் இதில் தெளிவு. ஸ்மிர்னா சபையின் கண்காணி பாலிகார்ப்பின் இரத்தசாட்சியைப் பதிவு செய்த இரண்டாம் நூற்றாண்டு நிருபத்தில் குவிந்துஸ் என்ற பெயருள்ள ஒருவன் வருகிறான். தானாக முன்வந்து பிடிபட்டான், மற்றவர்களையும் கூட்டி வந்தான், மிருகங்களைக் கண்டதும் பயந்து மறுதலித்துவிட்டான். தாங்களாகவே போய் ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் புகழுவதில்லை என்று அந்த நிருபம் அங்கேயே எழுதுகிறது.

அநியாயமாய்ப் பாடுபட்டாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் 1 பேதுரு 2ஐ யாராவது எடுத்துக் கேட்பார்கள். அது தப்பிக்க வழியே இல்லாத வீட்டு அடிமைகளுக்கு எழுதினது. வழி இருக்கிறவரை வழியைப் பயன்படுத்தாதே என்று அது சொல்லவில்லை.

வகுப்புக்குப் பிறகு யாராவது உங்களிடம் வந்து வீட்டில் அடி விழுவதைச் சொன்னால் சில காரியம் மனதில் இருக்கட்டும். மன்னிப்பு, நம்பிக்கை, ஒரே வீட்டுக்குத் திரும்புவது: இவை மூன்றும் வேறு வேறு. முதலாவதைக் காரணம் காட்டி மூன்றாவதை வற்புறுத்தாதீர்கள். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசவே வேண்டாம். அவன் முன்னால் அவளால் உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னால் அன்றைக்கு இரவு அதற்கும் சேர்த்து அடி விழும். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்பதை ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே விடாதீர்கள். ஜெபக் குறிப்பு எப்படிப் பரவும் என்று நமக்குத் தெரியும். முதல் கேள்வி, "இன்றைக்கு ராத்திரி உனக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பா?" என்பதாக இருக்கட்டும். பாதுகாப்பு இல்லை என்றால் சட்டப்படியான உதவி, மருத்துவம், தங்க இடம் முதலில். வேதபாடம் பிறகு. ஆண்கள் அடி வாங்குகிற வீடும் உண்டு. அங்கேயும் இதே வரிசைதான்.


மெழுகுதிரி:

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். அடைக்கலம் சொன்னதற்குத் துணையாக ஒன்று: எங்கள் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, எண் 1153. துணைவரில் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ மனத்திலோ கடுமையான ஆபத்தை உண்டாக்கினால், பிரிந்து போக அது முறையான காரணம். தாமதித்தால் ஆபத்து என்றால், ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தாமாகவே போகலாம். மண உறவு முறிக்கப்படாதது என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லும் சட்டமே இப்படி எழுதியிருக்கிறது.

உயிரைக் கொடுப்பது என்று வரும்போது எங்களிடம் இன்னும் கறாரான வரையறை உண்டு. புனித மாக்சிமிலியன் கோல்பேயை அறிந்திருப்பீர்கள். 1941 ஜூலை கடைசியில், அவுஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதி தப்பியதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினிபோட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் மனைவி மக்களை நினைத்து அலறினார். கோல்பே வரிசையைவிட்டு வெளியே வந்து, அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகும் உயிர் இருந்ததால், ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். காப்பாற்றப்பட்ட பிரான்சிசெக் கயோவ்னிசெக் 1995 வரை வாழ்ந்தார். 1982இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அவரும் அங்கே இருந்தார்.

அந்தச் சாவை மறைசாட்சியம் என்று சொல்லலாமா என்று விவாதம் இருந்தது. விசுவாசத்தின்மேல் உள்ள வெறுப்பால் நேரடியாகக் கொல்லப்பட்டால்தான் அந்தப் பெயர். 1971இல் அருளாளர் பட்டம் தந்தபோது அவர் மறைசாட்சியாக அறிவிக்கப்படவில்லை, 1982இல் இரண்டாம் யோவான் பவுல் அவரை மறைசாட்சி என்றே அறிவித்தார். 2017 ஜூலை 11 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஓர் ஆணையால் புனிதர் பட்டத்துக்குத் தனியாக ஒரு வழியே திறந்தார், "உயிரைக் கையளித்தல்" என்று. அதற்குக் கேட்கப்படுவதைப் பாருங்கள்: கையளித்தல் சுதந்திரமாக, மனமுவந்து நடக்க வேண்டும். சாவு நிச்சயமானதாக, சீக்கிரத்தில் வருவதாக இருக்க வேண்டும். அதை அன்பின் காரணமாக ஏற்றிருக்க வேண்டும். அந்தக் கையளிப்புக்கும் சாவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். அதற்கு முன்பே, சாதாரண அளவிலாவது, கிறிஸ்தவ நற்பண்புகளோடு வாழ்ந்திருக்க வேண்டும். அந்த ஆணையின் தொடக்கச் சொற்களே யோவான் 15:13இலிருந்து எடுத்தவை. ஒரு நிமிட வீரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த நிமிடத்துக்கு முன்னால் இருந்த சாதாரண நாட்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

"முடியாது என்றால் அன்பில் குறைவா?" என்பதற்கு புனித தாமஸ் அக்குவினாஸ் நேராகப் பதில் சொல்கிறார். பிறரின் ஆன்ம நலனை என் உடலைவிட அதிகமாக நேசிக்க வேண்டும். ஆனால் என் ஆன்மாவைக் கெடுத்துக்கொண்டு, அதாவது பாவம் செய்து, பிறருக்கு நன்மை செய்ய எனக்கு அனுமதி இல்லை. தன் உடலை ஆபத்துக்கு உட்படுத்துவது எல்லாருக்கும் எல்லா நேரமும் கட்டாயமும் அல்ல. பிறரைக் காக்கும் பொறுப்பு என்மேல் இருந்தால் கடமை. இல்லாதபோது மனமுவந்து செய்தால் அது அன்பின் நிறைவு. கடமைக்கும் நிறைவுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை வகுப்பில் காட்டினால் பலரின் குற்ற உணர்வு தணியும். தன் மகனுக்காகப் பொய்க் கணக்கு எழுதும் அப்பா தியாகம் செய்யவில்லை என்பதும் இதிலிருந்தே தெரியும்.


ஒலிவமரம்:

நான் நினைத்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது. சமாரியன் செய்யாதவற்றை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை அக்கா. பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த மூன்று பேருக்கும் தனியாக ஏதாவது சொல்லுங்களேன். ஓய்வெடுத்தால் பாவம் செய்ததுபோல் நினைக்கிறார்கள். பணக் காரியமும் வரும். ஜாமீன் கையெழுத்து கேட்கிற நண்பர்கள் விஷயம்.


எப்பாப்பிரோதீத்து:

என் பெயரைப் பார்த்தாலே எங்கே போகிறேன் என்று தெரிந்திருக்கும். பிலிப்பியர் 2:25 முதல் 30 வரை. பவுலுக்குப் பணிவிடை செய்யப் போனவன், வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானான். பவுல் அவனைப் புகழ்கிறான், "தன் பிராணனையும் எண்ணாமல்" என்கிறான். ஆனால் அடுத்து என்ன செய்தான்? வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவன் பிழைத்ததை அவனுக்கும் தனக்கும் கிடைத்த இரக்கம் என்கிறான். அவன் செத்திருந்தால் ஊழியம் இன்னும் மகிமையாக இருந்திருக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மூன்று பேரோடும் இதை மட்டும் ஒரு மணி நேரம் படித்தாலும் போதும்.

அதோடு யாத்திராகமம் 18. காலை தொடங்கிச் சாயங்காலம்வரை மோசே ஒருவனே நியாயம் விசாரிக்கிறான். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். இரண்டாவது பாதியைக் கவனியுங்கள்: ஒருவரே சுமந்தால் பெறுகிறவருக்கும் கெடுதல்.

கலாத்தியர் 6இல் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல் இருக்கிறது. 2ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, 5ஆம் வசனம் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டுமே பாரம். கிரேக்கத்தில் இரண்டு சொல். முதலாவது நசுக்குகிற சுமை, இரண்டாவது ஆளுக்கு அளந்து கொடுத்த மூட்டை. படுத்திருக்கும் பெரியவரைப் பார்ப்பதில் இரண்டும் கலந்து கிடக்கும். பிரிக்க ஒரு வழி: ஒரு வாரம், செய்த வேலை ஒவ்வொன்றையும் மணியோடு எழுதி வைக்கட்டும். மருந்து, குளிப்பாட்டல், இரவு எழுந்தது, மருத்துவமனைக்கு அலைந்தது, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது எல்லாம். வார முடிவில் ஒவ்வொரு வரிக்கும் கேள்வி: இதை நான்தான் செய்ய வேண்டுமா, யார் செய்தாலும் சரியா? அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவது மகளின் மூட்டை. துணி துவைப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்த இரண்டாவது பட்டியலைச் சபையின் கையில் கொடுக்க வேண்டும்.

சபை வழுக்குவது இங்கேதான். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்போம். களைத்தவர் சொல்லமாட்டார். மேலே சொன்ன வியாழன் நான்கு முதல் ஏழு வரை, அப்படி நாள், மணி, ஆள் மூன்றும் குறித்துக் கொடுத்தால்தான் உதவி. முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது இரவு. தானாகப் புரள முடியாதவரைப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது வழக்கமான மருத்துவ ஆலோசனை. ஒருவரே செய்தால் அந்த ஆளுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வாரத்தில் இரண்டு இரவு வேறொருவர் வந்தாலே முகம் மாறும். தூக்கிப் படுக்க வைக்க எப்போதும் இரண்டு பேர். ஒருவரே தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டால் அந்த வீட்டில் நோயாளி இரண்டு.

ஓய்வெடுப்பது பாவம் என்கிறவர்களுக்கு மாற்கு 6:31. சாப்பிடக்கூட நேரமில்லாதபோது சீஷர்களைத் தனித்து இளைப்பாற அழைத்தவர் ஆண்டவரே. போன இடத்திலும் ஜனங்கள் வந்துவிட்டார்கள், அவர் மனதுருகினார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்விக்கு லுத்தர் 1527இல் பதில் எழுதியிருக்கிறார். கொள்ளைநோய் வந்தால் ஓடலாமா என்று கேட்டிருந்தார்கள். போதகரும் அதிகாரியும் நோயாளியைக் கவனிக்கும் கடமையுள்ளவரும் நிற்க வேண்டும். போதுமான ஆட்கள் இருந்தால் மற்றவர்கள் போவதில் தவறில்லை. நிற்கிறவர்களும் மருந்து எடுக்க வேண்டும், வீட்டுக்குப் புகை போட வேண்டும், தேவையில்லாத இடத்துக்குப் போகக் கூடாது. அப்படிச் செய்யாமல் துணிவது தேவனைச் சோதிப்பது என்கிறார். இதை எழுதினவர் கொள்ளைநோய் வந்த வித்தன்பர்க்கில் தங்கித்தான் எழுதினார்.


துண்டும் பாத்திரமும்:

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பவுல் எருசலேம் பரிசுத்தவான்களுக்காகக் காணிக்கை சேர்த்தபோது எழுதின 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் போதும். 8:3இல் மக்கெதோனியர் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்தார்கள், ஆனால் தாங்களே மனமுவந்து. 8:12, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். 8:13, மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படியல்ல. 9:7, விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல. மிஞ்சிக் கொடுக்கலாம், ஆனால் யாரும் மிஞ்சிக் கேட்கக் கூடாது. இது பழைய ஏற்பாட்டிலேயே உண்டு: லேவியராகமம் 5இல் ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறா, அதற்கும் வழியில்லாதவன் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு.

ஏழை விதவையின் இரண்டு காசை வைத்துக் கேட்பார்கள். இரண்டும் சேர்ந்தால் ஒரு பணத்தில் 64இல் ஒரு பங்கு. அதைச் சொல்வதற்கு முன், மாற்கு 12:40ஐயும் சேர்த்து வாசியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைக் கண்டித்த கையோடுதான் அவளைக் காட்டுகிறார். அவளைப் புகழலாம், அவளிடம் வாங்குகிறவர்களுக்கு அதில் ஆதாரம் இல்லை. வீட்டில் பெற்றோருக்கு மருந்து வாங்காமல் காணிக்கை போடுகிறவருக்கு மாற்கு 7:11இன் கொர்பான் (தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குக் கொடுக்காமல் விடுவது) இருக்கிறது, 1 தீமோத்தேயு 5:8உம் இருக்கிறது.

ஜாமீன் கையெழுத்துக்கு நீதிமொழிகள் 22:26, 27. செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வான் என்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே கேள்வி: இந்த முழுத்தொகையும் என் தலையில் விழுந்தால், என் வீட்டாரைத் தவிக்கவிடாமல் கட்ட முடியுமா? முடியாது என்றால் கையெழுத்து வேண்டாம். அதற்குப் பதில், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொகையை இனாமாகவே கொடுத்துவிடுங்கள், லூக்கா 6:35. கல்யாணமானவர்கள் துணைவருக்குத் தெரியாமல் செய்யக் கூடாது; இன்னொருவரின் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அதை நம் தியாகம் என்று சொல்ல முடியாது.


ஒலிவமரம்:

கடைசி வாரம் கால் கழுவுதலை நிஜமாகவே செய்யலாமா அக்கா? சரியாக வருமா?


துண்டும் பாத்திரமும்:

வரும், ஏற்பாடு சரியாக இருந்தால். முந்தின வாரமே அறிவித்துவிடுங்கள். திடீரென்று கால் நீட்டச் சொன்னால் கூச்சத்திலேயே பாதி நேரம் போகும். விருப்பமில்லாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்றும் அப்போதே சொல்லுங்கள். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்தால் பன்னிரண்டு பேருக்கு 36 நிமிடம், வாசிக்க நேரமிராது. ஆகவே இரண்டு பாத்திரம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெதுவெதுப்பான தண்ணீர், ஒவ்வொருவருக்கும் புதுத் தண்ணீர், ஆளுக்கொரு துண்டு. காலில் புண் இருக்கிறவர்களுக்குக் கையைக் கழுவலாம். தரை வழுக்கும், கீழே பழைய துணி விரியுங்கள்.

நடத்துகிறவர் எல்லார் காலையும் கழுவிவிட்டுத் தான் தப்பித்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. யோவான் 13:8இல் பேதுரு மாட்டிக்கொண்ட இடம் அதுதான். முதல் ஆளாக நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுங்கள் தம்பி. கழுவுகிறவர் வகுப்பில் உங்களைவிடச் சின்னவராக இருக்கட்டும். 13:4 முதல் 17 வரை ஒருவர் மெதுவாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டு வேண்டாம். தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும்.